ஆயாக் கொட்டகையும் பாலர் வகுப்பும்



லகாட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியோர்க்கு ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்கு இறங்கும். ஆகவே, பொழுது புலருமுன் தாய் பெரட்டுக்குச் சென்றாக வேண்டும்; தூக்கம் கலையாத குழந்தை கொட்டகைக்குச் சென்றாக வேண்டும். அங்கே ஆயா தொட்டிலை ஆட்டினார், பாலூட்டினார், அழுகையை அமர்த்தினார். பள்ளிக்கூடத்தையே காணாத அந்த அம்மையாரிடம் எழுத்தையும் எதிர்பார்ப்பது நியாயமன்று.

சட்டமும் அவ்வயதைக் கல்விக்குரியதாக எண்ணவில்லை. 7 முதல் 14 வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அதற்கு முந்திய ஆண்டுகள் கணக்கில் வரவில்லை. நம் நாட்டில் பாலர் கல்வி தேசியக் கல்வி முறையின் அங்கமானது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தினால்தான்.

அவ்வாண்டுகள் எத்துணை விலையுள்ளவை! அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளுள் 58 பேருக்கு மட்டும் பாலர் கல்வி அளித்தனர். ஆசிரியைகள் வீடுதோறும் சென்று தாய்மாரோடும் உரையாடினர். நாற்பது வயதில் ஆராய்ந்தபோது, அக்கல்வி பெற்றவர்களே உயர்நிலைப் பள்ளியை மிகுதியாக முடித்திருந்தனர். கூடுதலாகச் சம்பாதித்தும் வந்தனர்.

முதலாம் ஆண்டு வகுப்பில் முதல் நாளன்றே இவ்வேற்றுமை தெரிந்துவிடுகிறது. ஒரு பிள்ளை தன் பெயரை எழுதுகிறது. பக்கத்துப் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கவே தெரியவில்லை. அறிவில் குறைந்த பிள்ளையா அது? இல்லை, தனியார் பாலர் பள்ளிக் கட்டணத்திற்கு வீட்டில் வழியில்லை, அவ்வளவே.

அரசாங்கப் பாலர் வகுப்பில் கட்டணச் சுமை இல்லை. ஆனால் ஒரு வகுப்பில் 25 பிள்ளைகளுக்கே இடம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு முன்னுரிமை உண்டு என்பதும் உண்மை. எனினும், விண்ணப்பமோ இணையத்தின் வழி. இரவு வேலை முடித்து வரும் தாய்க்கு அந்தத் தேதி தெரியுமுன் நாள் கடந்துவிடுகிறது. விவரமறிந்தவர் முந்திக்கொள்கின்றனர், எவருக்காக முன்னுரிமை வகுக்கப்பட்டதோ அவர் வெளியே நிற்கின்றார். கூடுதல் வகுப்புகளை அரசாங்கத்திடம் கேட்பது நம் உரிமை. அதுவரையில், விண்ணப்பக் காலத்தில் மாலைதோறும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் இருவர் பள்ளி மண்டபத்தில் அமர்ந்து, பிறப்புப் பத்திரத்துடன் வருவோர்க்கெல்லாம் படிவத்தை நிரப்பித் தரலாமே!