புரையேறினால் யார் நினைக்கிறார்கள்?

உண்ணும்போது புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையைத் தட்டிவிட்டு நகர்வது நம் வழக்கம். பக்கவாதம் கண்டு வீடு திரும்பியவருக்கு அது வேறு செய்தி. உணவு மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரல் அழற்சியில் முடியலாம். சிலருக்கு இருமல்கூட வராது.

மெல்ல இயலாதவருக்கு நீர்த்த கஞ்சியே நல்லது என்று நம்புகிறோம். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கோ விரைந்தோடும் நீரே ஆபத்தாகலாம். யாருக்கு எந்தப் பதம், எப்படி அமர்வது, ஒரு வாய் எவ்வளவு என்று சோதித்துச் சொல்பவர் பேச்சுப் பயிற்சியாளர். பேசுவதும் விழுங்குவதும் ஒரே நாவும் தொண்டையும்தானே!

செங்கல்பட்டில் 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் உண்டு. ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவரை மீனவர் குப்பத்திலிருந்து யார் தூக்கிவருவது? 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்தது. விழுங்கல் பயிற்சியும் அவ்வழியே வரவேண்டும் என்பதே என் கட்சி.

உலக அளவில் உணவுப் பதத்தை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாக வகுத்துள்ளனர். நீராகாரம், கஞ்சி, கூழ், குழைசோறு என நம் அடுக்களையிலும் பதத்துக்குச் சொற்கள் உண்டு. வல்லுநரோடு அமர்ந்து அச்சொற்களில் ஒரு கையேடு ஆக்குவது தமிழ் படித்தோரின் கடமை.