சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியது

மைசூரு கடலற்ற நகரம். ஆயினும் ஜெட் ஸ்கி இந்நகரத்து இளைஞர்க்கு அயலான ஊர்தியன்று. திருமகூடலு நரசிபுரம் சாலையிலுள்ள வருணா ஏரியில் அது ஓடியிருக்கிறது. மடிக்கேரி வழியாக மலையிறங்கினால் மங்களூரின் பணம்பூர்க் கடற்கரையும், அதற்கு வடக்கே உடுப்பியை அடுத்த மல்பெயும் இருக்கின்றன. தேர்வு முடிந்த வார இறுதியில் விடுதி மாணவர்கள் வண்டி பேசிக்கொண்டு கிளம்புவது அந்தப் பக்கம்தான். அங்கே வாடகை மேசையில் நடக்கும் கொடுக்கல்வாங்கல் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பணம் கைமாறுகிறது, லைஃப் ஜாக்கெட் தரப்படுகிறது, ஒரு படிவத்தில் கையொப்பம் வாங்கப்படுகிறது. பல இடங்களில் நிறுவனத்தின் ஆள் ஒருவர் பின்னால் அமர்ந்து ஊர்தியைத் தம் கட்டுக்குள் வைத்துக்கொள்கிறார். சில இடங்களில் ஊர்தி முழுமையாகப் பயணியின் கைக்குப் போகிறது. இந்த இரண்டாவது முறையில் ஊர்தியோடு சேர்ந்து கைமாற வேண்டிய ஒன்று மேசையிலேயே தங்கிவிடுகிறது. அது அந்த ஊர்தியைப் பற்றிய அறிவு.

அந்த அறிவின் சாரம் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் ஜெட் ஸ்கி திரும்பாது. படகுக்கு இருப்பதுபோல் இதற்குச் சுக்கான் கிடையாது. அடிப்பகுதியில் நீரை உறிஞ்சும் சுழலி, அதைப் பின்புறக் குழாய் வழியே பீய்ச்சியடிக்கிறது. கைப்பிடியைத் திருப்பும்போது அந்தக் குழாயின் முனை திரும்புகிறது. நீர்த்தாரையின் திசை மாறுவதால் ஊர்தியும் திசை மாறுகிறது. நீர்த்தாரை ஓய்ந்துவிட்டால் கைப்பிடியை எவ்வளவு ஒடித்தாலும் பயனில்லை. ஊர்தி வந்த வேகத்தில் நேராகவே வழுக்கிச் செல்லும். பிற்காலத்து மாதிரிகள் சிலவற்றில் பிரேக்கும், ஆக்சிலேட்டரை விட்ட பின்னும் ஓரளவு திரும்ப உதவும் அமைப்பும் உண்டு. வாடகைக்கு வரும் ஊர்தி அத்தகையதா என்பதைப் பயணி பார்த்து அறிய முடியாது.

மைசூருவிலிருந்து செல்லும் மாணவர் அன்றாடம் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர். எதிரே எதுவும் வந்தால் ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்கைப் பிடித்து, வண்டியை ஒடிப்பது அவர் கைக்கு ஏறிப்போன பழக்கம். சாலையில் உயிர் காக்கும் அதே பழக்கம் நீரில் அவரை மோதலுக்கு இட்டுச் செல்கிறது. ஊர்தியின் கைப்பிடி இருசக்கர வண்டியைப் போலவே இருப்பதால், தமக்கு இது தெரிந்ததுதான் என்ற எண்ணமும் எளிதில் எழுந்துவிடுகிறது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998இல் இவ்வகை ஊர்திகளைப் பற்றித் தனி ஆய்வொன்றை வெளியிட்டது. பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் பெரும்பாலோர் மூழ்கி இறக்க, இவ்வூர்திகளில் மட்டும் மோதலால் ஏற்படும் காயமே மரணத்தின் முதற்காரணமாக இருப்பதை அது சுட்டிக்காட்டியது. மூழ்காமல் காக்க லைஃப் ஜாக்கெட் இன்றியமையாதது. மோதாமல் காக்க அது போதாது.

துறைமுகத்தை ஒட்டிய நீரில் இந்த இடர் பெருகுகிறது. மல்பெ கர்நாடகத்தின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்று. துறைமுகத்தின் வாயிலில் வந்துபோகும் விசைப்படகு நினைத்த மாத்திரத்தில் நிற்காது. அதன் முகப்புக்கு மிக அருகில் நீர்மட்டத்தோடு ஒட்டிச் செல்லும் சிறு ஊர்தி படகோட்டியின் பார்வைக்குத் தப்பிவிடக்கூடும். மிதக்கும் வலைத்துண்டோ கயிறோ சுழலிக்குள் இழுக்கப்பட்டால் ஊர்தி அந்த இடத்திலேயே முடங்கும். பிழைப்புக்காகக் கடலுக்குப் போய்த் திரும்புகிறவரின் பாதையில், அந்தப் பாதையின் ஒழுங்கை அறியாத ஒருவர் பத்து நிமிட இன்பத்துக்காக நுழைகிறார். விபத்து நேர்ந்தால் இழப்பு இருவருக்குமே.

படிவத்தில் கையொப்பம் வாங்கியாயிற்றே என்பது வழக்கமாக வரும் மறுமொழி. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அவ்வளவு எளிதாக எவரையும் விடுவிப்பதில்லை. ஒரு பொருளைப் பிறரிடம் ஒப்படைப்பவர், அதில் தாம் அறிந்த குறையை, குறிப்பாகப் பெறுபவரை இயல்பை மீறிய ஆபத்துக்கு உள்ளாக்கும் குறையை, வெளிப்படுத்தியே ஆகவேண்டும் என்கிறது அதன் 150ஆம் பிரிவு. வாடகைக்கு ஒப்படைத்தவராயின் குறை தமக்குத் தெரியாது என்றும் தப்ப இயலாது. இதற்குச் சட்டம் தரும் எடுத்துக்காட்டுகள் இரண்டு. முரட்டுக் குதிரை என அறிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்தவர், அதிலிருந்து விழுந்தவரின் காயத்துக்குப் பொறுப்பாவார். பழுதான வண்டியை அறியாமல் வாடகைக்கு விட்டவரும் பொறுப்பாவார். நல்ல நிலையிலுள்ள ஜெட் ஸ்கி திரும்ப மறுப்பது பழுதன்று, அதன் இயல்பு என்று வழக்கறிஞர் வாதிடலாம். முரட்டுத்தனமும் குதிரையின் இயல்புதான். அதைச் சொல்லாமல் கொடுத்ததையே சட்டம் குற்றமாகக் கொள்கிறது.

வயது வந்தவர் தாமே விரும்பி ஏற்கும் ஆபத்தில் பிறர் தலையிடுவானேன் என்று கேட்போர் உண்டு. மதிக்கத்தக்க கேள்விதான். ஆனால் இசைவு என்பது அறிந்து இசைவது. எந்த ஆபத்துக்கு இசைகிறோம் என்பதே தெரியாதவரின் கையொப்பம், அவர் பணம் கட்டினார் என்பதற்கு மட்டுமே சான்றாகும்.

மைசூருவுக்கு அருகிலேயே இதற்கு நேர்மாறான முறை ஒன்று பல காலமாக நடைமுறையில் இருக்கிறது. சாலிம் அலியின் முயற்சியால் 1940இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சார் தகுதி பெற்ற ரங்கனதிட்டில், படகைப் பயணியர் ஓட்டுவதில்லை. பாறை எங்கே, முதலை எங்கே, பறவைக்கு எவ்வளவு தொலைவில் நிறுத்த வேண்டும் என அறிந்த வனத்துறைப் படகோட்டி துடுப்பு வலிக்கிறார். கிருஷ்ணராஜ சாகரத்திலிருந்து மிகுதியான நீர் திறந்துவிடப்படும் நாளில் படகு கரையை விட்டுக் கிளம்புவதில்லை. அங்கே படகும் அறிவும் பிரிவதில்லை. பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்றால், அறிவை ஈடுசெய்யும் கடமை கொடுப்பவருடையது.

விதிகள் நாட்டில் இல்லாமலில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, ஆறு, ஏரி, கால்வாய்களில் இயங்கும் விசைக்கலங்களுக்குப் பதிவையும் ஆய்வையும் வகுத்திருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இலேயே படகுப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன் பின்னரும் 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேரும், 2024 ஜனவரியில் வடோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மாண்டனர். அவை பயணிகள் படகுகள். ஜெட் ஸ்கி அல்ல. எனினும் அவை உணர்த்துவது ஒன்றே: தலைநகரில் அச்சான விதி படகுத்துறையை வந்தடையாவிட்டால் எவரையும் காப்பதில்லை.

வந்தடைய வேண்டியவை பெரிய செலவு கேட்பவையுமல்ல. பல ஜெட் ஸ்கிகளில் சாவி ஒரு கயிற்றின் முனையில் இருக்கிறது. மறுமுனையை மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொண்டால், ஓட்டுபவர் விழுந்ததும் எஞ்சின் நின்றுவிடும். அதை மாட்டாமல் எவரையும் அனுப்பக்கூடாது. கரையோரத்தில் மெதுவாக ஓட்டவைத்து, ஆக்சிலேட்டரை விட்டால் என்ன ஆகிறது என்பதை ஒருமுறை உணரச்செய்ய வேண்டும். படகுப் பாதையிலிருந்து விலகிய எல்லையை மிதவைகளால் குறிக்க வேண்டும். இதற்கு உடன்படாதவர்க்குப் பின்னால் ஆளை அமர்த்தியே ஊர்தி தரவேண்டும். சிறு தொழில் நடத்துவோர்க்கு இது சுமை என்பர். பயிற்சிக்குச் செலவாகும் ஐந்து நிமிடத்தை வாடகையில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மரணத்துக்குப் பின் மாவட்ட நிர்வாகம் கடற்கரை முழுவதற்கும் விதிக்கும் தடையை எந்த வாடகையாலும் ஈடுகட்ட முடியாது.

ஆக்சிலேட்டரை விட்டால் திரும்பாது என்ற அந்த ஒரு வாக்கியம் ஊர்தியின் மேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வருகிறவர்களின் மொழிகளில், கன்னடத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும். இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தை 1969 முதல் தன்னகத்தே கொண்டிருக்கும் நகரத்தில் அந்த ஒரு வரியை மொழிபெயர்த்துத் தர ஆள் கிடைக்காமற்போகாது. எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் வாடகை மேசைக்கு வரவேண்டும். அதுவரை, கையொப்பமிடும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே மாணவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் நன்மை.