லே குளிருக்கு 25 டிகிரிக் கணக்கு ஆகாது

சோலார் பேனலுக்கு வெயில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் லடாக்கைப் பார்க்க வேண்டும். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் மழை அபூர்வம். ஆண்டின் பெரும்பகுதி வானம் தெளிவாகவே இருக்கும். சூரிய மின்சாரத்துக்கு இவ்வளவு தோதான இடங்கள் நாட்டில் குறைவு. ஆனால், ஜனவரி இரவுகளில் அங்கே வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. மின்கம்பி எட்டாத வீடுகளுக்குப் பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி மூன்றும்தான் கதி. இதில் கன்ட்ரோலர் நடுக்குளிரில் பழுதானால், ஸோஜிலா கணவாய் பனியில் மூடிக்கிடக்கும் நாட்களில் ஸ்ரீநகரிலிருந்து மாற்றுக் கருவி சாலை வழியே வராது. அப்படிப்பட்ட பழுதுக்கான காரணத்தைப் பேனல்களைக் கோக்கும்போதே நாம் உள்ளே வைத்துவிட முடியும் என்பதுதான் கவலைக்குரியது.

பேனலின் பின்புற ஸ்டிக்கரில் ‘விஓசி’ என்று ஓர் எண் இருக்கும். எதிலும் இணைக்காத பேனலை வெயிலில் வைத்தால் இரு முனைகளுக்கு இடையே நிற்கும் வோல்டேஜ் அது. செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. செல் சூடேறினால் அது இறங்கும், குளிர்ந்தால் ஏறும். சிலிக்கான் பேனல்களில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.25 முதல் 0.35 சதவீதம் வரை மாறும். டேட்டா ஷீட்டிலேயே இது அச்சாகியிருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். 72 செல் பேனல், விஓசி 45 வோல்ட், மாற்றம் டிகிரிக்கு 0.3 சதவீதம். மூன்றை சீரியஸில் கோத்தால் 135 வோல்ட். கன்ட்ரோலரின் உச்சவரம்பு 150 என்றால், 15 வோல்ட் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். மைனஸ் 20 டிகிரியில் வித்தியாசம் 45 டிகிரி, ஏற்றம் 13.5 சதவீதம். மொத்தம் 153 வோல்ட். வரம்பு தாண்டியாயிற்று.

ஆபத்தான வேளை காலைதான். தெளிந்த வானத்தின் கீழ் இரவு முழுக்கக் கிடந்த பேனல் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்திருக்கும். மலைப் பள்ளத்தாக்கில் வெயில் மெல்ல மெல்ல வராது. முகட்டைத் தாண்டும்போதே நல்ல வீச்சோடு விழும், தரையில் கிடக்கும் பனியும் அதைத் திருப்பி அடிக்கும். வெளிச்சம் பட்ட கணமே வோல்டேஜ் ஏறிவிடும். பேனல் சூடேறி அது இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். கன்ட்ரோலர் அப்போதுதான் விழிக்கிறது. மின்சாரத்தை இன்னும் இழுக்கத் தொடங்கவில்லை. ஆகவே முழு விஓசியும் அதன் வாசலில் வந்து நிற்கிறது.

கன்ட்ரோலரின் திறனுக்கு மேல் பேனல் வாட் இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர், தன்னால் முடிந்ததை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். வோல்டேஜில் அந்தச் சலுகை கிடையாது. உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும் தாங்கும் அளவு தாண்டினால் நொடியில் போய்விடலாம். எவ்வளவு வோல்ட் வந்தது என்பதைத் தன் நினைவகத்தில் பதிந்துவைக்கும் கருவிகளும் உண்டு. பிறகு வாரண்டி கேட்டுப் பயனில்லை.

தெரிந்தும் ஏன் மூன்றாகக் கோக்கிறார்கள்? செம்பின் விலைதான் காரணம். ஆறு பேனல்களை மும்மூன்றாகக் கோத்தால் இரண்டு ஸ்ட்ரிங், அதாவது இரண்டு வரிசை. இரண்டிரண்டாகக் கோத்தால் மூன்று ஸ்ட்ரிங். மின்னோட்டம் ஒன்றரை மடங்காகும். தடித்த கேபிள் வேண்டும். காம்பைனர் பாக்ஸும் ஸ்ட்ரிங்குக்கு ஒரு ஃபியூஸும் வேண்டும். கொட்டேஷனில் சில ஆயிரம் ரூபாய் ஏறும். ஆனால், லேயில் இரண்டு பேனல் ஸ்ட்ரிங் மைனஸ் 20இலும் 102 வோல்ட்டோடு நின்றுவிடும். அல்லது 250 வோல்ட் கன்ட்ரோலர் வாங்கி மூன்றாகவே கோக்கலாம். இரண்டுக்கும் செலவு உண்டு. கருகிய கன்ட்ரோலருக்கு ஆகும் செலவு அதைவிட அதிகம்.

இது பனிமலைக்காரர்களின் பாடு என்று மற்றவர்கள் ஒதுக்க முடியாது. உறைபனி விழும் ஊட்டியில் பூஜ்ஜியம் டிகிரியில் மேற்சொன்ன மூன்று பேனல்கள் 145 வோல்ட்டைத் தொடும். உச்சவரம்பு 150 என்று போட்டிருந்தாலும், 145க்கு மேல் இயங்காத கன்ட்ரோலர்கள் சந்தையில் இருக்கின்றன. அதோடு பேனல்களும் மாறிவிட்டன. இன்று கூரைகளில் ஏறும் 540 வாட் பேனல்களின் விஓசி 49.5 வோல்ட் அளவில் இருக்கிறது. மூன்றைக் கோத்தால் 25 டிகிரியிலேயே 148.5. மார்கழிக் காலையில் 18 டிகிரிக்கு இறங்கும் கோவையில், டிகிரிக்கு 0.27 சதவீதம் என்று வைத்தாலும், 151 தாண்டிவிடும். ‘நூற்றைம்பதுக்கு மூன்று பேனல்’ என்று பழைய பேனல்களில் கைப்பழக்கமாகிவிட்ட கணக்கு இன்று சமவெளியிலும் செல்லாது.

அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு, 690.7ஆம் பிரிவில், உள்ளூரின் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு ஏற்ப விஓசியைத் திருத்தச் சொல்கிறது. மைனஸ் 16 முதல் மைனஸ் 20 வரை 1.18ஆல் பெருக்க வேண்டும் என்று அட்டவணையே இருக்கிறது. நம் டெக்னீஷியன்களுக்கும் இந்தப் பெருக்கல் கடினமில்லை. வாடிக்கையாளர் கிலோவாட்டை மட்டும் கேட்கிறார், அதனால் கொட்டேஷனிலும் கிலோவாட் மட்டும் வருகிறது. ஊரின் குறைந்தபட்ச வெப்பநிலை, அந்தக் குளிரில் ஸ்ட்ரிங்கின் வோல்டேஜ், கன்ட்ரோலரின் உச்சவரம்பு ஆகிய மூன்று எண்களும் பில்லில் இல்லாத அமைப்புக்கு மானியம் கிடையாது என்று அரசு அறிவிக்கட்டும். கேபிளில் மிச்சம் பிடிக்கும் வழக்கம் தானாக நிற்கும்.