சாலை கடக்கட்டும், தண்ணீரும் கடக்கட்டும்

பெங்களூருவை அடுத்த ஹோஸ்கோட்டேயில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூரில் முடிகிறது சென்னை - பெங்களூரு விரைவுச்சாலை. சுமார் 260 கி.மீ. நீளம், நான்கு வழி, கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் என மூன்று மாநில எல்லைகளைக் கடக்கும் புதிய தடம். 2022 மே 26-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகப் பகுதியில் வாகனங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. தமிழகத்தில் வாலாஜாபேட்டை, அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கம் வயல்களுக்கு நடுவே மண்கரை எழுந்து நிற்கிறது.

இந்தச் சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோலார் தக்காளியும் சித்தூர் மாம்பழமும் சீக்கிரம் சந்தைக்கு வந்தால் நல்லதுதான். ஆனால், பழைய சாலையை அகலப்படுத்துவது வேறு, விளைநிலத்தின் குறுக்கே புதிதாகக் கரை எழுப்புவது வேறு. புதிய கரை, தண்ணீருக்கு ஒரு அணை மாதிரி.

வேறொரு மாவட்டத்தில், ஒரு நான்குவழிச் சாலை ஓரம் இதைக் கண்ணால் பார்த்தேன். வடகிழக்குப் பருவமழை முடிந்த நேரம். சாலைக்கு மேற்கே நட்டு இரண்டு வாரமே ஆன நெற்பயிர் தண்ணீருக்குள் அழுகிக் கிடந்தது. கிழக்கே அதே ஏரியின் ஆயக்கட்டு வயல் வெடித்திருந்தது. இடையில் சிறுபாலம் இருந்தது. ஆனால் அதன் தளம் வாய்க்காலின் அடிமட்டத்தைவிட முக்கால் அடி உயரம். “பாலம் கட்டிக் கொடுத்துட்டாங்க சார், தண்ணிதான் ஏற மாட்டேங்குது” என்றார் அந்த விவசாயி.

ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பகுதிகள் ஏரிகளால் பின்னப்பட்டவை. பாலாற்று அணைக்கட்டிலிருந்து வரும் தண்ணீர் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளை நிரப்புகிறது. ஒரு ஏரியின் கலங்கல் வழிந்தால்தான் அடுத்த ஏரிக்கு வரத்து. பெரிய கால்வாய்கள் வரைபடத்தில் இருக்கும், பொறியாளர் விடமாட்டார். வயலுக்கு வயல் பாயும் கிளைவாய்க்காலும் மழைநீர் வடியும் ஓடையும் எல்லா இடத்திலும் புலப்படத்தில் இருப்பதில்லை. அது நீர்ப்பாய்ச்சுகிறவருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் சிறுபாலத்தின் இடத்தையும் மட்டத்தையும் முடிவு செய்வதுதான் தவறின் தொடக்கம்.

எனவே பணி நடக்கும் ஊர்களில், சிறுபாலத்துக்குத் தளம் போடும் முன்பே விவசாயிகள் சேர்ந்து ஒரு கைப்படம் வரைய வேண்டும். எந்த வாய்க்கால் எங்கே கடக்கிறது, வெள்ளம் எந்தப் பக்கம் வடிகிறது என்று சர்வே எண்ணோடு குறித்து, ஆட்சியரிடமும் திட்ட அலுவலகத்திலும் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு மட்டத்தைத் திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது, இரண்டாகப் பிளந்த நிலம். மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கர் சாலைக்குப் போனால், மீதி இரண்டு ஏக்கர் முன்போல் இருக்காது. கிணறு ஒரு பக்கம், வயல் மறுபக்கம் என்றாகிவிடும். விரைவுச்சாலையைக் குறுக்கே கடக்க முடியாது. பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் டிராக்டருக்கும் இரு சக்கர வாகனத்துக்கும் தடை. எதிர்ப்புறம் தெரியும் வயலுக்கு, சுரங்கப்பாதை இருக்கும் இடம்வரை சுற்றித்தான் போக வேண்டும்.

இதற்குச் சட்டத்தில் வழி உண்டு. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-ன் பிரிவு 3ஜி(7), எடுத்த நிலத்தின் மதிப்போடு, நிலம் பிளக்கப்பட்டதால் வரும் இழப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை. தொகை போதவில்லை என்றால் நடுவரிடம் முறையிடலாம். இனி வரப்போகும் சாலைகளுக்கும் ஒன்று நினைவிருக்கட்டும்: 3ஏ அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். நாள் தவறினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

கேட்பதற்கு ஆவணம் வேண்டும். இங்கேதான் வேளாண், தோட்டக்கலை உதவி அலுவலர்களின் பொறுப்பு வருகிறது. அடங்கலில் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா, ஆழ்துளைக் கிணறு பதிவாகியிருக்கிறதா, மாமரம், தென்னை எத்தனை, வயது என்ன என்பதை நிலம் கைமாறும் முன்பே பார்த்துக் கொடுங்கள். காய்க்கும் மரத்தை, மரக்கட்டை விலைக்கு மதிப்பிட விடாதீர்கள்.

மண்ணும் கவனிக்க வேண்டிய ஒன்று. எடுக்கப்படும் நிலத்தின் மேல்மண் அரை அடியை வழித்துத் தனியே குவித்து வைத்தால், சாலைச் சரிவுக்கும் பக்கத்து வயலுக்கும் பயன்படும். கரைக்கு அடியில் புதைந்தால் வீண். டிப்பர் லாரி ஓடிய வயலில் அடிமண் இறுகியிருக்கும். ஈரம் காய்ந்த பிறகு உளிக்கலப்பையால் ஆழ உழுது, தொழுவுரம் இட்டு, பசுந்தாள் உரப் பயிரை மடக்கி உழுத பிறகு நடவுக்குப் போங்கள். அந்தச் செலவை லாரி ஓட்டியவரே ஏற்க வேண்டும் என்று, நிலத்தைத் தற்காலிகமாக விடும்போதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று மாநிலங்களைக் கடக்கும் தடத்தை வரைய முடிந்தவர்களுக்கு, ஒரு வாய்க்கால் கடக்க வழி விடுவது பெரிய வேலை அல்ல. தளம் போடும் முன்பு ஒரு நாள், நீர்ப்பாய்ச்சுகிறவரோடு வரப்பில் நடந்து பார்த்தால் போதும்.