பறைக்கு ராகச் சான்றிதழ் தேவையில்லை

1985இல் வெளியான ‘சிந்து பைரவி’ இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்தது. சித்ராவுக்கு விருது தந்த ‘பாடறியேன் படிப்பறியேன்’ நாட்டார் மெட்டில் தொடங்கி, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் முடியும். காம்போதிக் கீர்த்தனையைச் சாரமதிக்கு மாற்றியது பண்ணைப்புரத்துக்காரரின் துணிச்சல். ஆனால் கதை சொல்வது வேறு: நாட்டார் பாட்டு ராகத்துக்குள் அடங்கிக் காட்டினால்தான் சபை கைதட்டும்.

2025இல் அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறையைப் பறையாகவே அடித்து வாங்கிய விருது அது. மகிழ்வோம். ஆனால் ஒரு கலைஞருக்குப் பதக்கம் கொடுத்துவிட்டு, இன்னொருவரைச் சாதியின் பெயரால் சாவு வீட்டுக்கு அடிக்கக் கூப்பிடும் ஊர், பறையை மதிக்கிறது என்று சொல்ல முடியாது. அடிப்பதும் மறுப்பதும் கலைஞரின் உரிமையாகட்டும். அதுதான் முதல் மரியாதை.