ஜாம் போத்தலும் பொறியாளரும்



பட்டாளத்தில் பொறியாளர் பிரிவினரைக் கேலி செய்வது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். ஆற்றுக்குப் பாலம் போடச் சொன்னால் ஒரே இரவில் போட்டு விடுவார்களாம், கூடாரத்தில் ஒரு விளக்கை ஏற்றச் சொன்னாலோ, "வரைபடம் எங்கே?" என்பார்களாம்! 1780-ல் தோன்றிய மெட்ராஸ் சேப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையினருக்கு இந்திய இராணுவத்தில் செல்லப்பெயரே 'தம்பி' என்பதுதான். ஆக, அந்தக் கேலியில் பாசமும் உண்டு.

ஆனால் விளக்கேற்றுவது அத்தனை இலேசான காரியமா? யாழ்ப்பாணத்துத் தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள்.

1990-ல் யுத்தம் மீண்டும் மூண்டதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையும் வந்தது. பற்றரிகூட குண்டு செய்ய உதவும் என்று தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் யானை விலை விற்றது. அப்போது வீடுகளில் எரிந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு.

போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய். சைக்கிள் வால்வுக் குழாயில் நூலைச் செருகினால் திரி. அதைத் தாங்க ஒரு கம்பி. சரிந்தாலும் பஞ்சு எண்ணெயைச் சிந்த விடாது. கண்ணாடி காற்றைத் தடுக்கும். மெல்லிய திரி சொட்டுச் சொட்டாகவே குடிக்கும். பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தது இந்த வெளிச்சத்தில்தான்.

வானொலி கேட்க வேண்டுமா? சைக்கிளை நிறுத்தி ஒருவர் மிதியைச் சுற்றுவார். டைனமோ மின்சாரம் தரும். மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்து விடும்! மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்புவார்கள். சூடேறிய பின் மண்ணெண்ணெயே போதும். இவற்றுக்கெல்லாம் எந்தப் பொறியாளர் வரைபடம் தந்தார்?

அதே 1990 ஒக்டோபர் 30-ல் யாழ் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டதை நாம் மறக்க முடியாது. இரும்புக் கடைகளும் தையல் இயந்திரங்களும் சோனகதெருவிலேயே நின்று விட்டன. புத்தளத்து ஓலைக் குடிசைகளுக்கு அவர்கள் கொண்டு சேர்த்தது கைத்தொழிலை மட்டுமே. அதை எந்தச் சோதனைச் சாவடியிலும் பறிக்க முடியவில்லை.

ஹிஜ்ரி 5-ல் மதீனாவைக் காக்க அகழ் தோண்டும் யோசனையைச் சொன்னவர் ஸல்மான் பார்ஸீ (ரலி). பொறியாளரின் யோசனை அது. ஆனால் அகழைத் தோண்டியது எல்லோருடைய கைகளும்தான். மண் சுமந்தவர்களில் அண்ணல் நபி (ஸல்) அவர்களும் இருந்தார்கள். யோசனை உயர்ந்தது, கூடை தாழ்ந்தது என்று அங்கே யாரும் பிரிக்கவில்லை.

சகோதரிகளே! மகன் பொறியியல் படிக்கட்டும், மகளும் படிக்கட்டும். ஆனால் பியூஸ் போனால் "உம்மா!" என்று கூப்பிடுகிற பட்டதாரியாக அவர்களை வளர்த்து விடாதீர்கள். பொத்தான் தைக்கவும், திரி போடவும், சைக்கிள் செயின் மாட்டவும் இருவருக்கும் பழக்குங்கள். அவற்றை அற்ப வேலை என்று சொல்லாதீர்கள். இருள் வருகிற இரவில் சான்றிதழ் எரிந்து வெளிச்சம் தராது. பழகிய கைதான் விளக்கேற்றும்.