கல்லுக்குச் சூட்டிய பெயர்

இந்த வாரம் கத்தி தீட்டும் கல்லைப் பற்றிப் பேசலாம். கல்லில் பேச என்ன இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள். கைப்பேசியைத் திறந்து இணையக் கடைகளில் தேடிப் பாருங்கள். "ஜப்பான் மலைக்கல்", "பெல்ஜியம் மஞ்சள் கல்", "அமெரிக்க ஆர்கன்சாஸ் கல்" என்று வரிசை வரிசையாக வந்து நிற்கும். விலையும் சில இடங்களில் நூறு வெள்ளியைத் தாண்டி, ஐந்நூறையும் எட்டிப் பிடிக்கும். கையகலக் கல்லுக்கு இவ்வளவா என்று வாய் பிளப்போம்; "இயற்கைக் கல், அசல்" என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் மயங்கியும் போவோம்.

நம் வட்டாரத்தில் தீட்டுக்கல் விளையாட்டுப் பொருள் அல்ல. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். பெயரில் தென்னை, நிலத்தில் செம்பனை! அந்த ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. குலை வெட்டும் வேலை மாறவில்லை. குட்டை மரத்துக்கு உளி, நெட்டை மரத்துக்குக் கழியில் பூட்டிய அரிவாள். முனை மழுங்கினால் ஒரே வெட்டில் விழ வேண்டிய மட்டைக்கு மூன்று வெட்டு வேண்டும், தோள்பட்டை வலிக்கும், வெட்டிய குலைக் கணக்கும் குறையும். எடைக்குக் கூலி வாங்குகிறவர் வீட்டில் தீட்டுக்கல் என்பது அரிசிப் பானைக்கு அடுத்த பொருள். அந்தப் பணத்தைப் பெயருக்காகத் தொலைத்துவிடக்கூடாது என்பதற்கே இத்தனை பீடிகை.

ஊர்ப் பெயரைச் சொல்லிக் கல் விற்பது புதிய தந்திரம் என்று எண்ண வேண்டாம். கி.பி. 79இல் இறந்துபோன ரோமானிய அறிஞர் பிளினி, கிரீட் தீவுக் கல், நாக்சோஸ் தீவுக் கல் என்று ஊர் வாரியாகத் தரம் பிரித்து, எதற்கு எண்ணெய், எதற்குத் தண்ணீர் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்.

இன்று பேர்போன மூன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் வஷிட்டா மலைத்தொடரில் வெட்டுவது ஏறக்குறைய முழுதும் குவார்ட்ஸ், அதாவது படிகக்கல் நுண்துகள் இறுகிய பாறை. பெல்ஜியத்தில் வில்சாம் என்ற ஊர்ப்பக்கம் கிடைப்பது கொட்டிக்கூல் என்னும் வெளிர்மஞ்சள் கல். அதனுள் கண்ணுக்குத் தெரியாத கார்னெட் மணிகள் நிறைந்திருக்கின்றன. இரும்பைத் தேய்ப்பவை அவையே. மூன்றாவது, ஜப்பானில் கியோட்டோ நகரின் மேற்கு மலைகளில் எடுத்த மென்மையான இறுதித் தீட்டுக்கல். அங்கே நக்காயாமா என்ற சுரங்கத்தின் பெயர்தான் விலையை ஏற்றும் மந்திரம். அந்தச் சுரங்கம் மூடிப் பல காலமாயிற்று. கல் மட்டும் இணையத்தில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது! பழைய இருப்பு உண்மையாகவே உண்டு. ஆனால் பக்கத்து மலைக் கல்லுக்கு அந்தப் பெயரைச் சூட்டினால் தடுப்பவர் யார்?

விற்பவர் எதைக் கொண்டு இன்ன கல் என்கிறார் என்று முதலில் பாருங்கள். கல்லின் மேல் முத்திரை இருக்கிறது என்பார் ஒருவர். முத்திரை மை எந்தக் கடையிலும் கிடைக்கும். அசல் முத்திரையாகவே இருந்தாலும், அது பெரும்பாலும் மொத்த வியாபாரி குத்தியது; பாறை தானே பேசியதல்ல. இன்னொருவர் நிறத்தைக் காட்டுவார். மஞ்சள் எல்லாம் பெல்ஜியமா, வெள்ளை எல்லாம் ஆர்கன்சாஸா? "பழைய முடிதிருத்தகத்தில் கிடைத்தது, ஆகவே இன்ன கல்" என்று கதை சொல்கிறவரும் உண்டு. இவர்களுக்கு நடுவே, "என்ன கல் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது" என்று எழுதி, பொருந்திய விலை கேட்கிறவர் ஒருவர் இருப்பார். என் மதிப்பில் முதல் இடம் அவருக்கே.

எண்களைக் கண்டும் ஏமாற வேண்டாம். 1000, 3000, 8000 என்பவை ஆலையில் செய்த கல்லுக்கு உரியவை. அங்கே தூளை அளவு பார்த்துப் பிரித்து, பிறகே இறுக்குகிறார்கள். மலையில் விளைந்த கல்லுக்கு யார் சலித்துக் கொடுத்தது? "இயற்கைக் கல், 12000" என்று கண்டால், அந்த எண் விற்பவரின் யூகம் என்று கொள்ளுங்கள்.

சரி, தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் எதைச் சோதிக்க முடியும்? வாங்கும் முன்னரே ஒரு கணக்குப் போடலாம். கல்லின் நீளம், அகலம், கனம், எடை நான்கையும் கேளுங்கள். 20 சென்டிமீட்டர் நீளம், 5 அகலம், 2.5 கனம் என்றால் பெருக்கி வருவது 250. எடை 660 கிராம் என்கிறார். 660ஐ 250ஆல் வகுத்தால் 2.64. தண்ணீர் 1 என்றால் குவார்ட்ஸ் 2.65, ஆகவே "கடின ஆர்கன்சாஸ்" என்ற பேச்சு கணக்கோடு ஒத்துப்போகிறது. அதே அளவுக் கல் 500 கிராம்தான் என்றால் வருவது 2. அது உள்ளே துளை நிறைந்த கல். கடின ஆர்கன்சாஸாக இராது. (வஷிட்டா என்ற பெயரில் விற்கும் மென்வகைக்குத் துளை உண்டு, எடை குறையும்.) எடை சொல்ல மறுக்கும் வியாபாரியை அப்படியே விட்டுவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், நனைத்தும் நனைக்காமலும், ஆறு பக்கமும் படம் கேளுங்கள்.

பொருள் வீடு வந்ததும் "கிடைத்தது" என்ற பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். கூடு பிரிப்பதிலிருந்து படம் எடுத்து வையுங்கள். பிறகு சமையல்கட்டு மின்தராசை எடுத்துக் கல்லை நிறுங்கள். அடுத்து, ஒரு பாத்திரம் தண்ணீரைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுதும் அமிழும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு. முதல் எடையை அதனால் வகுத்தால் மேற்சொன்ன எண் வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளை விட்டுச் செய்யச் சொல்லுங்கள், பாடமும் ஆகும். நீரில் விட்டதும் கல் குமிழி விட்டுத் தண்ணீர் குடித்தால் எண் சரியாக வராது. அப்படிக் குடிக்கும் கல்லை "கடின ஆர்கன்சாஸ்" என்று விற்றிருந்தால், அதுவே பதில்.

வெள்ளைக் கல்லானால் அடிப்பக்க மூலையில் ஒரு சொட்டு வினிகர் விடலாம். நுரைத்தால் அது சுண்ணாம்புச் சத்துள்ள சலவைக்கல் வகை, படிகம் அல்ல. இரும்பு ஆணியால் அதே மூலையில் லேசாகக் கீறுங்கள். குவார்ட்ஸ் கல்லில் ஆணியின் சாம்பல் கோடு படியுமே தவிர, கல்லில் பள்ளம் விழாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஆலைக் கல்லில் ஒரே சீரான மணிகள் மின்னும். இரு நிறக் கல்லில் நடுவே பசைக்கோடு தெரிந்தால் உடனே போலி என்று கூச்சலிட வேண்டாம். பெல்ஜியக் கல்லுக்கு முதுகுத் தாங்கலாகச் சிலேட்டை ஒட்டுவது பழைய வழக்கம்.

இந்தச் சோதனைகள் எல்லாம் "இது அது அல்ல" என்று சொல்லக்கூடியவை. இன்ன மலை, இன்ன சுரங்கம் என்று சொல்ல மாட்டா. நல்ல அகேட் கல்லும் ஆர்கன்சாஸும் தராசில் ஏறக்குறைய ஒன்றே. சுரங்கப் பெயருக்காக மட்டும் கூடுதலாகக் கேட்கும் முந்நூறு வெள்ளிக்கு வீட்டில் சோதனை கிடையாது. அதைக் கொடுக்காமலிருப்பதே என் யோசனை.

இன்னொரு கேள்வி: நமக்கு அந்தக் கல் வேண்டுமா? குலை வெட்டும் அரிவாளுக்கும் உளிக்கும் முதலில் அரம், பிறகு இரும்புச் சாமான் கடையில் விற்கும் இருபக்கக் கார்போரண்டம் கல், இவை தாராளமாகப் போதும். 1891இல் எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் மின்சூளையில் உண்டாக்கிய அந்தத் தூள் குவார்ட்ஸைவிடக் கடினமானது, விலையும் பெரிதல்ல. சவரக் கத்தி, மரச் சிற்ப உளி, மீன் சீவும் மெல்லிய கத்தி, இவற்றின் கடைசி மெருகுக்கே மலைக்கல்லின் அருமை தெரியும். அந்த ஆசைக்கு வாங்குகிறவர்களை நான் தடுக்கவில்லை. பெயர் தெரியாத நல்ல கல்லைக் குறைந்த விலைக்கு வாங்கித் தீட்டிப் பாருங்கள் என்பேன். குவாங்சி மாநிலச் சீனக் கல் அப்படி ஒன்று. பட்டம் ஏதும் இல்லாமலே வேலை செய்யும்.

எந்தக் கல்லானாலும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், மணற்கல் சக்கரத்தில் உலர்வாக முள்கரண்டி தீட்டிய தொழிலாளர்கள் கல்தூசு நுரையீரலில் படிந்து இளம் வயதிலேயே மாண்டார்கள். குழிவிழுந்த தீட்டுக்கல்லைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சமப்படுத்தும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? அப்போது தண்ணீரை நிறைய ஊற்றிக்கொள்ளுங்கள். குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.

பெயரைப் பொய்யாகச் சொல்லி விற்றிருந்தால் முதலில் இணையக் கடையிலேயே, திருப்பி அனுப்பும் நாள் கடக்குமுன் முறையிடுங்கள். பொருள் விளைந்த இடத்தைப் பொய்யாகக் குறிப்பது 2011ஆம் ஆண்டு வாணிப விளக்கச் சட்டப்படி குற்றம். உள்நாட்டு வியாபாரி மசியவில்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. வெளிநாட்டுக்காரரிடம் அந்தக் கை நீளுவது கடினம். விளம்பரப் பக்கத்தையும், "அசல்" என்று அவர் எழுதிய உரையாடலையும் அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்த வரி அங்கே இராமல் போகலாம்.